அந்த வீட்டில் யாரெல்லாம் இருந்தார்கள்?

பொம்பேயி நகரில் வெட்டியஸ் இல்லம் என்றொரு வீடு இருக்கிறது. பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 2023 ஜனவரியில் அதை மறுபடி திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய கூடம். கூரை நடுவில் திறந்திருக்கும். அதன் வழியாக விழும் மழைநீரைப் பிடிக்கத் தரையில் ஒரு தொட்டி. அந்தக் கூடத்தில்தான் வீட்டின் இரண்டு பணப்பெட்டிகளும் இருந்தன. வருகிறவன் கண்ணில் முதலில் படும்படி அவற்றை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்று கருதப்படுகிறது. வந்த செல்வத்தைக் காட்டிக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இருந்தது. தூண்கள் சூழ்ந்த தோட்டமும் சிலைகளும் சுவரோவியங்களும் அதற்காகத்தான். ரோமானியரின் இல்வாழ்க்கை என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படம் பெரும்பாலும் இத்தகைய வீடுகளிலிருந்து வந்தது. படம் பொய்யில்லை. ஆனால் வீட்டுக்காரர் எதைக் காட்ட நினைத்தாரோ அதை மட்டும் காட்டும் படம். ரோமானிய வீடு, செல்வாக்கு புழங்கிய இடம். பலருக்கு இரவு பகலாக வேலைத்தலம். குடும்பம் குடியிருந்தது இதற்கெல்லாம் நடுவில்.

கட்டடக்கலை பற்றி எழுதிய விட்ருவியஸ் இதை ஒளிக்கவில்லை. படுக்கையறை, உணவறை, குளியலறை ஆகியவற்றுக்குள் அழைத்தால்தான் போகலாம்; முன்கூடத்துக்கும் தூண் முற்றத்துக்கும் அழைப்பில்லாமலேயே யாரும் வரலாம் என்று அவர் வீட்டையே இரண்டாகப் பிரிக்கிறார். சாமானியருக்குப் பெரிய கூடம் தேவையில்லை, அவர்கள்தானே பிறர் வீடு தேடிப் போகிறவர்கள் என்றும் சொல்லிவிடுகிறார். விடிந்தும் விடியாமலும் பெரிய மனிதர் வீட்டு வாசலில் அவரை அண்டிப் பிழைப்பவர்கள் கூடுவார்கள். வணக்கம் சொல்லிவிட்டுச் சிறு அன்பளிப்போ சில்லறைக் காசோ பெற்றுப் போவார்கள். லிவியஸ் துரூசஸ் என்ற அரசியல்வாதி பலட்டைன் குன்றில் வீடு கட்டியபோது, யார் பார்வையும் உள்ளே விழாதபடி கட்டித் தருவதாகக் கட்டடக்காரர் சொன்னாராம். தான் செய்வதெல்லாம் ஊரார் கண்ணில் படுகிற மாதிரி கட்டும்படி துரூசஸ் கேட்டுக்கொண்டாராம். கி.மு. 91-ல், கூட்டம் புடைசூழ வீடு திரும்பியவரை யாரோ அதே வீட்டு முன்றிலில் கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

விட்ருவியஸ் ஏட்டில் எழுதியதும் உண்மையில் நடந்ததும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியத் தொல்லியலாளர் பெனலோப் அலிசன் பொம்பேயியின் 30 வீடுகளில் எந்த அறையில் என்ன பொருள் கிடைத்தது என்று வரிசையாகப் பார்த்தார். வரவேற்புக்கென்றே கட்டியதாகச் சொல்லப்படும் முன்கூடங்களில் அலமாரிகளும் பெட்டிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடைத்தன. நூலை இழுத்துப் பிடிக்கத் தறியில் தொங்கவிடும் மண்குண்டுகள்கூட அங்கே இருந்தன. காலையில் அண்டியவர்கள் காத்து நின்ற இடத்தில் மற்ற நேரம் நெசவும் நடந்திருக்கிறது. இதனால் என் வாதம் உடையவில்லை. விட்ருவியஸ் போட்ட கோட்டைத் தாண்டி வேலை அந்தக் கூடத்துக்குள்ளும் வந்திருக்கிறது என்றே ஆகிறது. வேலைக்கென்றே இருந்த அடுக்களையோ இருட்டு மூலை. பொம்பேயியில் பல வீடுகளில் கழிப்பிடமும் அதற்குள்ளேயேதான். முசிறியில் கப்பலேறிப் போன நம் மிளகு கடைசியில் இப்படியோர் அடுக்களைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சமைத்தவர் எசமானி அல்ல என்பதால் அந்த இருட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இதெல்லாம் பணக்காரர் கதைதானே என்பார்கள். ஆமாம். ரோம் நகரத்துச் சாமானியர் வாழ்ந்தது 'இன்சுலா' எனப்பட்ட அடுக்குமாடி வாடகைக் கட்டடங்களில். தெருவைப் பார்த்த கீழ்த்தளத்தில் கடைகள். மேலே ஏற ஏற அறை சிறுக்கும், வாடகை குறையும், தீப்பிடித்தால் தப்பிக்கும் வாய்ப்பும் குறையும். பேரரசர் அகஸ்டஸ் இவற்றின் உயரத்துக்கு 70 அடி என்று வரம்பு போட்டார். பின்னாளில் பேரரசர் டிராஜன் அதை 60 ஆக்கினார். அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவுக்கு வாடகைக் கட்டடங்கள் உண்டு. இரண்டு கடைகள் இடிந்துவிட்டன, மற்றவற்றில் விரிசல், குடியிருந்தவர்கள் மட்டுமல்ல எலிகளும் ஓடிவிட்டன என்று நண்பர் அட்டிகஸுக்குச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். இடிந்த கூரைக்குக் கீழே வாழ்ந்தவர் அதை எப்படி எழுதியிருப்பார்? அந்தக் கடிதம் நம்மிடம் இல்லை. மேல்மாடி அறைகள் பலவற்றில் அடுப்புக்கே இடமில்லை. சாப்பாடு தெருமுனைக் கடையில், குளியல் பொதுக் குளியல் கூடத்தில். மாளிகையில் தெரு வீட்டுக்குள் வந்தது. மாடி அறையில் வாழ்ந்தவருக்குத் தெருவே பாதி வீடு.

அன்பு இல்லையா என்ற கேள்விதான் கனமானது. இருந்தது. மகள் துல்லியா கி.மு. 45-ல் இறந்தபோது அதே சிசரோ நொறுங்கிப்போனார். எழுத்தாளர் இளைய பிளினி தன் மனைவி கல்பூர்னியாவுக்கு எழுதிய கடிதங்களில் பிரிவின் ஏக்கம் தெரிகிறது. ஆனால் அந்த அன்பு யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஃபமிலியா' என்ற லத்தீன் சொல்லைக் குடும்பம் என்று மொழிபெயர்க்கிறோம். அது பணியாளைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. குடும்பத் தலைவரின் ஆளுகைக்கு உட்பட்ட அடிமைகளும் அதில் சேர்த்தி. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை; அவர்களுக்குப் பிறந்த குழந்தை எசமானின் சொத்து. கி.பி. 61-ல் நகர ஆளுநர் பெடானியஸ் செகுண்டஸை வீட்டு அடிமை ஒருவன் கொன்றான். எசமானை அடிமை கொன்றால் அதே கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அனைவருக்கும் மரணம் என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர், பெண்களும் சிறுவர்களும் சேர்த்து. ஊர் திரண்டு எதிர்த்தது. செனட் அசையவில்லை. பேரரசன் நீரோ வழியெங்கும் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான். 400 அடிமைகள் உள்ள வீடு அபூர்வம்தான். ஆனால் அந்த வழக்கம் நான்கு அடிமைகள் உள்ள வீட்டுக்கும் பொருந்தும். இப்படியொரு பயம் குடியிருந்த கூரையைச் சுவரோவியத்தை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

பொம்பேயிக்கு வெளியே சிவிதா ஜூலியானா என்ற இடத்தில் ஒரு பெரும் பண்ணை வீட்டை அகழ்ந்தவர்கள் 2021-ல் அடிமைகள் தங்கிய அறை ஒன்றைக் கண்டார்கள். 16 சதுர மீட்டர். உயரத்தில் ஒரு சிறு சன்னல். சுவரில் ஓவியம் இல்லை. கட்டிலடியில் பானைகள்; அறையில் குதிரைச் சேணப் பொருள்கள் அடங்கிய ஒரு மரப்பெட்டி, வண்டியின் ஏர்க்கால். மூன்று கட்டில்கள்: இரண்டின் நீளம் 1.70 மீட்டர், மூன்றாவது 1.40 மீட்டர்.