இருளைக் காக்கும் பூங்கா

ஸ்காட்லாந்தின் காலோவே வனப் பூங்கா, 2009ஆம் ஆண்டில் பிரிட்டனின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நீண்ட குளிர்கால இரவுகளில் வானியல் ஆர்வலர்கள் நண்பர்களுடன் தொலைநோக்கிகளை எடுத்துக்கொண்டு அங்குச் செல்கின்றனர்.

சென்றவுடன் எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடாது. தொலைநோக்கி வெளிக்காற்றின் அளவுக்குக் குளிர வேண்டும். இல்லையெனில் காட்சி கலங்கும். கண்கள் இருளுக்குப் பழக ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். கைப்பேசியின் வெளிச்சம் பட்டால் மீண்டும் காத்திருக்க நேரிடும். ஆதலால், அவர்கள் மங்கலான சிவப்பு விளக்கையே பயன்படுத்துகின்றனர்.

பின்னர், ஓரியன் விண்மீன் குழுவில் சாம்பல்நிறப் புகைபோன்ற முகில் ஒன்று புலப்படும். புதிய விண்மீன்கள் பிறக்கும் அம்முகிலின் ஒளி, ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் பயணம் செய்து பூமியை அடைகிறது. அத்தகைய ஒளியை நகரத்து விளக்குகள் மங்கச் செய்கின்றன. தேவையற்ற விளக்குகளை அணைத்து, மற்றவற்றின் வெளிச்சத்தைத் தரைநோக்கித் திருப்பினால், மறைந்த விண்மீன்கள் மீண்டும் தெரியும்.