தெரியாத கான்ஜியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஜப்பானிய மொழியில் வழங்கும் சீனவழி எழுத்தான கான்ஜியைப் பார்த்ததும் அதன் ஒலி தெரிந்துவிடாது. ஒலி தெரியாவிட்டால் ஒலி வரிசையில் அமைந்த அகராதியில் அதைத் தேடவும் வழியில்லை. ஜப்பானிய மொழி கற்கத் தொடங்குபவர் முதலில் திணறுவது இங்கேதான். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜிகள் உள்ளன. அச்சு அகராதிகள் பெரும்பாலும் அவற்றை வேர் வடிவ வாரியாக அடுக்கின. 1716இல் சீனாவில் முடிக்கப்பட்ட காங்ஷி அகராதியின் 214 வேர் வடிவங்களே அதற்கு அடிப்படை. ஆனால் ஓர் எழுத்தில் எந்தப் பகுதி வேர் என்பதை அறிந்தவருக்கே அந்த முறை உதவும்.

இணைய அகராதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. கண்ணில் படும் எந்தப் பகுதியை வைத்தும் தேடலாம். மொழியைக் குறிக்கும் கான்ஜியை எடுத்துக்கொள்வோம். அதன் இடப்பக்கம் 'சொல்லுதல்' என்னும் வடிவம். வலப்பக்கம் மேலே 'ஐந்து', கீழே 'வாய்'. ஜிஷோ தளத்தில் பகுதிகளின் பலகையைத் திறந்து இம்மூன்றையும் தட்டினால், ஒவ்வொரு தட்டுக்கும் பட்டியல் சுருங்கி, விரைவில் அந்த எழுத்து சிக்கிவிடும். பலகையில் பகுதிகள் கோடுகளின் எண்ணிக்கைப்படி நிற்கின்றன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாயைக் குறிக்கும் வடிவம் சதுரம் என்றாலும் அதற்கு 3 கோடுகள்தான். மேல்கோட்டையும் வலக்கோட்டையும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதுவது வழக்கம். இந்த எண்ணும் முறை பழகாதவர் நான்கின் வரிசையில் வீணாகத் துழாவுவார்.

ஜாக் ஹால்பெர்ன் தம் அகராதிக்காக வகுத்த 'ஸ்கிப்' முறை வேர்களைக் கேட்பதே இல்லை. இடம்-வலமாகப் பிரியும் எழுத்துக்கு 1 என்ற எண். பிறகு இரு பக்கத்துக் கோடுகளின் எண்ணிக்கை. மேற்சொன்ன எழுத்துக்கு 1-7-7. திரையில் விரலால் வரைந்து தேடுவதும், கைபேசிக் கேமராவை நீட்டுவதும் இன்னும் எளிது. அவசரத்துக்குக் கேமரா போதும். ஆனால் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடியவருக்குத்தான் எழுத்து மனத்தில் தங்கும். கற்பவர் அந்தச் சிரமத்தைத் தவிர்க்கக் கூடாது. அப்படிப் பிரித்துப் பார்ப்பவருக்கே ஐந்துக்கும் மொழிக்கும் சீனவழி ஒலி ஒன்றே, இரண்டும் 'கோ' என்பது புலப்படும். பல கான்ஜிகளில் ஒரு பகுதி பொருளையும் இன்னொன்று ஒலியையும் சுட்டுகின்றன.

எழுத்து கிடைத்ததும் அகராதி இரு வகை ஒலிகளைக் காட்டும்: சீனத்திலிருந்து வந்த 'ஓன்', ஜப்பானியச் சொல்லுக்குரிய 'குன்'. நீரைக் குறிக்கும் கான்ஜி தனித்து நின்றால் 'மிஸு'. புதன்கிழமையைக் குறிக்கும் சொல்லில் அதுவே 'சுய்'. 'இப்போது', 'நாள்' என்ற இரு எழுத்துகளும் சேர்ந்து 'இன்று' என்ற பொருளில் வரும்போது 'க்யோ' என்று படிக்கப்படும். இந்த ஒலி இரண்டில் எதற்கும் தனியாக உரியதல்ல. ஆகவே எழுத்தோடு நிற்காமல் முழுச் சொல்லையும் தேட வேண்டும். உலாவியில் இணைக்கும் யோமிதான் போன்ற கருவி, சுட்டியை வைத்த இடத்தில் சொல்லின் எல்லையைத் தானே கண்டறிந்து, வினைத்திரிபை நீக்கி மூலச் சொல்லையும் தந்துவிடுகிறது.

இந்தக் கருவிகள் பலவற்றுக்கு ஊற்று ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய சொற்தொகுப்பு, பின்னர் ஜேஎம்டிக்ட் என வளர்ந்து, எவரும் பயன்படுத்தும் உரிமத்தோடு கிடைக்கிறது. அந்தத் தாராளத்தால்தான் இத்தனை இலவச அகராதிகள் பிறந்தன. அதனாலேயே, இரண்டு செயலிகள் ஒரே பொருளைச் சொன்னால் அது இரண்டு சாட்சிகளாகாது.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். யூனிகோடில் சீன, ஜப்பானிய வடிவங்கள் பல ஒரே எண்ணைப் பகிர்கின்றன. எலும்பைக் குறிக்கும் எழுத்துக்கு ஜப்பானில் 10 கோடுகள், இன்றைய சீனாவில் 9. கருவியின் மொழி அமைப்பில் ஜப்பானியம் இல்லாவிட்டால், திரையில் சீன வடிவம் வந்து கோட்டுக் கணக்கைக் குழப்பும்.

ஆட்பெயர்களில் அகராதி ஓரளவுக்கே உதவும். ஒரே இரு எழுத்துகளை ஒரு குடும்பம் 'யமசாகி' என்றும் இன்னொன்று 'யமஜாகி' என்றும் படிக்கும். பெயர் அகராதி இரண்டையும் தரும். எது சரி என்பதை அந்தப் பெயருக்கு உரியவர்தான் சொல்ல முடியும். ஜப்பானியப் படிவங்களில் பெயரின் ஒலியை எழுதத் தனிக் கட்டம் இருப்பது இதனால்தான்.