உப்புக்குள் ஓர் ஏரி

போலந்து நாட்டில், கிராக்கோவ் நகரத்துக்குப் பக்கத்தில் வியெலிச்கா என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் பழைய உப்புச் சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் 380 மரப்படிகள் இறங்க வேண்டும். சுற்றிச் சுற்றி இறங்கும் படிக்கட்டு அது. கீழே எட்டிப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். இறங்கி முடித்தால் 64 மீட்டர் ஆழம். பக்கத்துச் சுவர், காலடித் தரை, தலைக்கு மேல் கூரை, எங்கும் உப்பு!

வெள்ளைவெளேர் என்று இருக்கும் என நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். களிமண்ணும் மணலும் கலந்திருப்பதால் அந்த உப்பு கருங்கல் மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். சந்தேகமா? சுவரை நக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். (எல்லோரும் நக்கும் இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நக்குவது புத்திசாலித்தனம்.)

சுமார் 1 கோடியே 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்த இடத்தில் கடல் இருந்தது. கடல்நீர் வற்ற வற்ற உப்பு அடியில் தங்கியது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதேதான். அங்கே பாத்தி கட்டுகிறோம், இங்கே இயற்கையே கட்டியது. பிறகு கார்பேத்திய மலைகள் எழும்பியபோது அந்த உப்பு அடுக்குகள் நெருக்கப்பட்டு, மடிந்து, மண்ணுக்குள் புதைந்தன. 13ஆம் நூற்றாண்டிலிருந்து மனிதர்கள் அதை வெட்டி எடுத்தார்கள். 327 மீட்டர் ஆழம் வரை போனார்கள். சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் 240 கிலோமீட்டருக்கும் மேல். நமக்குக் காட்டுவது அதில் ஒரு சின்னத் துண்டுதான்.

நடந்துகொண்டே போனால் திடீரென்று ஓர் ஏரி! பச்சை நிறத் தண்ணீர், அசையாமல் நிற்கும். இங்கேதான் ஒரு கேள்வி. உப்பு தண்ணீரில் கரையும் அல்லவா? அப்படியானால் உப்புப் பாறையில் நிற்கும் ஏரி, தன் தரையையும் கரையையும் ஏன் கரைத்துத் தின்றுவிடவில்லை?

ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுக் கலக்குங்கள். முதலில் உடனே கரையும். பிறகு மெதுவாக. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு கலக்கினாலும் உப்பு அடியிலேயே கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 360 கிராம் உப்பைத்தான் தாங்கும். அதற்குமேல் இடமில்லை. இதைத்தான் தெவிட்டிய கரைசல் என்கிறோம். அந்த ஏரி இப்படி வயிறு நிரம்பிய தண்ணீர். அதனால் சுவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து, மேலிருந்து புதிதாகக் கசியும் நல்ல தண்ணீரால்தான்.

101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா தேவாலயம் இருக்கிறது. 54 மீட்டர் நீளமுள்ள இந்த மண்டபத்தைச் செதுக்கியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள்: யூசெஃப் மார்கோவ்ஸ்கி, அவர் தம்பி தோமாஷ், பிறகு அந்தோனி விரோதெக். ஒருவர்பின் ஒருவராக அறுபது ஆண்டுகளுக்கு மேல் செதுக்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் சரவிளக்குகள். அவற்றின் மணிகள் கண்ணாடியாய் மின்னும், ஆனால் அவையும் உப்பே. சாம்பல் உப்பைக் கரைத்து, அழுக்கை நீக்கி, மறுபடி படிகமாக்கினால் இப்படித் தெளிந்துவிடும்.

இவ்வளவு அழகுக்கும் எதிரி, காற்றில் உள்ள ஈரம்! நாம் விடும் மூச்சிலும் அது இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்களே. கோடையில் வெளியே இருந்து வரும் வெதுவெதுப்பான காற்று, குளிர்ந்த சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஈரப்பதம் ஏறும். உப்பில் செதுக்கிய சிலைகளின் மூக்கும் விரலும் மழுங்கும். 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்தச் சுரங்கம், 1989இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது இதனால்தான். ஈரத்தை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்திய பிறகு, 1998இல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

சுரங்கத்திலிருந்து உப்பு எடுக்கும் வேலை 1996இல் நின்றுவிட்டது. ஆனாலும் வியெலிச்காவில் இன்னும் உப்பு தயாராகிறது! உள்ளே கசியும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்தே ஆக வேண்டும். இறைத்த உப்புநீரை ஆற்றில் விட்டால் மீன்கள் செத்துப்போகும். எனவே அதைக் காய்ச்சி, உப்பாக்கி விற்றுவிடுகிறார்கள்.