மால்டாவில் ஒரு கடைவீதி மாலை

சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் அமைந்த சிறு தீவு நாடு மால்டா. அதன் தலைநகர் வல்லெட்டாவின் ரிபப்ளிக் தெருவில் எங்கள் கண்ணை முதலில் ஈர்த்தவை, மெல்லிய வெள்ளிக் கம்பியை இழையிழையாக முறுக்கிச் செய்த எட்டுமுனைச் சிலுவைகள். கட்டக் நகரின் தாரகாசி வேலைப்பாட்டை அறிந்தோருக்கு இவை தூரத்து உறவாகத் தோன்றும். அண்டைத் தீவான கோசோவில் கையால் பின்னப்படும் லேஸ் துணிகளும் புகழ் பெற்றவை. கடைகளில் தொங்குவன யாவும் கைப்பின்னல் அல்ல. விலை மிகக் குறைவாயின் ஐயுறுவதே நலம்.

பணம் செலுத்துகையில் அட்டைக் கருவி, 'ரூபாயா, யூரோவா?' என வினவியது. பழகிய ரூபாய் மனத்துக்கு இதமாகத்தான் இருந்தது. ஆயினும் ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அங்குள்ள நிறுவனமே தன் இலாபத்தையும் சேர்த்து நிர்ணயிக்கும். ஆகவே யூரோவையே தேர்ந்தோம். பெரும்பாலும் அதுவே சிக்கனம். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலிருந்து புறப்படுமுன்னரே செயற்படுத்திக்கொள்ள வேண்டும். மால்டாவில் மதிப்புக்கூட்டு வரி 18 விழுக்காடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் உரிய படிவத்தில் சுங்க முத்திரை பெற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவ்வரியைத் திரும்பப் பெறலாம்.

கேளிக்கைக்கு இளைஞர் நாடுவது பாச்சவில் விடுதிகளை. எங்களுக்கோ 1731இல் எழுப்பப்பட்ட மனோயல் நாடக அரங்கின் பொன்வண்ண மாடங்களே போதுமாயிருந்தன. நகர வாயிலருகே இருந்த அரச இசை நாடக அரங்கு 1942இல் குண்டுவீச்சில் தகர்ந்தது. அவ்விடிபாடுகளை அகற்றாமல், கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அங்கே திறந்தவெளி அரங்கை அமைத்தார். முறிந்த தூண்களுக்கிடையே, கூரையற்ற வானின்கீழ், இன்றும் அங்கு இசை நிகழ்கிறது.