நைட் டியூட்டி முடிந்தும் தூக்கம் வராதது ஏன்?

‘விடிகாலை 4 மணிக்கு நின்றபடியே தூங்கி விழுந்தேன். 8 மணிக்கு ஹாஸ்டலுக்கு வந்து படுத்தால் கண்ணை மூட முடியவில்லை, ஏன்?’ நைட் டியூட்டி பார்க்கும் நர்சிங் மாணவிகள் சீனியர்களிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. கூடவே இன்னொன்றும் கேட்பார்கள். வார்டு போஸ்டிங், கேர் பிளான், கேஸ் ஸ்டடி, ரெக்கார்டு, இன்டர்னல் தேர்வு என்று இத்தனைக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதற்கு வழி பிறக்கும்.

நேர மேலாண்மைப் பயிலரங்குகளும் செயலிகளும் வண்ண அட்டவணைகளும் எந்த ஒரு மணி நேரமும் இன்னொரு மணி நேரத்துக்குச் சமம் என்றே கணக்குப் போடுகின்றன. மூளை அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரு லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? காலை வகுப்பில் ‘42’ என்று சட்டெனச் சொல்லும் அதே மாணவி, விடிகாலை 4 மணிக்கு டிரிப் ஸ்டாண்டின் அருகே நின்று மூன்று முறை வகுத்துப் பார்ப்பார்.

காரணம் அடினோசின். மூளைச் செல்களின் எரிபொருளான ஏடிபி எரிய எரிய மிஞ்சும் பொருள் இது. செல்களுக்கு வெளியே தேங்கி, விழிப்பைக் காக்கும் நரம்புச் செல்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. விறகடுப்பில் சாம்பல் சேரச் சேரக் காற்றுப் புகாமல் தீ மங்குவது போலத்தான். தூக்கம் என்பது சாம்பல் அள்ளும் நேரம். 20 நிமிடக் குட்டித் தூக்கம் இரண்டு கரண்டி அள்ளிப் போடும்; ஏழெட்டு மணி நேரத் தூக்கம் அடுப்பையே மெழுகி வைத்துவிடும். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழுப்பப்பட்டவர், பாதி மெழுகிய அடுப்பில் உலை வைக்கச் சொன்னது போலத் தடுமாறுவார்.

காபி? அது ஒரு பிடி சாம்பலைக்கூட அள்ளுவதில்லை. அடினோசின் உட்கார வேண்டிய ஏற்பியில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஊதாங்குழலால் ஊதுவது மாதிரி தீ நிமிரும்; ஊதுவதை நிறுத்தியதும் சேர்ந்த சாம்பலெல்லாம் மறுபடி படியும். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடிகாலை 4 மணிக்குக் குடித்த காபியில் பாதி, 9 மணிக்குப் படுக்கும்போதும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

காபியே குடிக்காதவருக்கும் காலையில் தூக்கம் வராததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அடுப்புக்குப் பொழுது தெரியாது, மூளைக்குத் தெரியும். ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நரம்புச் செல்களாலான ஒரு கடிகாரம் இருக்கிறது. விடிகாலை 4, 5 மணி வாக்கில் உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும். அதன்பின் கடிகாரம் ‘விழி’ என்று உடலை உந்தத் தொடங்கும். டியூட்டி முடிந்து வெளியே வருபவரின் விழித்திரையில், நீல ஒளிக்குக் கிளர்ச்சியடையும் தனிச் செல்கள் காலை வெயிலைப் பிடித்து அதே கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும். அடினோசின் உச்சத்தில் இருக்க, கடிகாரம் எதிர்த் திசையில் இழுக்கிறது. படுத்தவர் புரள்கிறார், எப்படியோ தூங்கினாலும் நண்பகலுக்குள் விழித்துவிடுகிறார்.

இந்த இரட்டை இழுவையை 1982-இல் சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி ஒரு மாதிரியாக வகுத்தார். கடிகார மரபணுக்களை ஆராய்ந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தூக்கம் கெடுவதன் விளைவு சிறியதல்ல. 1997-இல் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் இருவர் ‘நேச்சர்’ இதழில் ஓர் அளவீட்டை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்-கை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம்தான். காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல் நைட் டியூட்டிக்குப் போகும் மாணவி இரவு 11 மணிக்கே அந்த 17 மணி நேரத்தை எட்டிவிடுகிறார். அதற்குப் பிறகும் மருந்து எடுக்க வேண்டும், ஊசி போட வேண்டும்.

மன அழுத்தமும் இங்கேதான் பெருகுகிறது. தூக்கம் கெட்ட மூளையில் அச்சத்தையும் கோபத்தையும் கையாளும் அமிக்டலா மிகையாகக் கொதிப்பதை மூளை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. வார்டு சிஸ்டர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தை, நைட் டியூட்டிக்கு மறுநாள் அழுகையை வரவழைப்பது மாணவியின் பலவீனம் அல்ல.

ஆகவே நேரத்தைப் பிரிக்குமுன் தூக்கத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். டியூட்டிக்கு முந்தைய பிற்பகலில் ஒரு தூக்கம்; காபி நள்ளிரவுக்குள்; திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி; அறையில் இருட்டு. மருந்துகளின் பெயர்களை இரவெல்லாம் கண்விழித்து மனப்பாடம் செய்வதைவிட, மாலையில் படித்துவிட்டுத் தூங்குவது மேல். படித்ததை மூளை பதிய வைக்கும் வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில் நடக்கிறது.

மீதிப் பொறுப்பு கல்லூரிகளுடையது. மனிதக் கடிகாரத்தின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்கூட்டித் தூங்குவது கடினம். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் டியூட்டி சுழன்றால் உடல் ஓரளவு ஈடுகொடுக்கும். தலைகீழாகச் சுழன்றால் திணறும். டியூட்டிப் பட்டியல் போடுபவர் தலைகீழ் வரிசையை மாற்றுவதற்கும், நைட் முடிந்த காலையில் வகுப்பு வைக்காமல் விடுவதற்கும் செலவு ஏதுமில்லை. மன அழுத்த மேலாண்மைக் கருத்தரங்குக்கு மேடை போடும் கல்லூரிகள் முதலில் இந்த இரண்டையும் செய்யட்டும்.