இரவல் புத்தகம்

குடை, பேனா, புத்தகம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உரியவர் வீட்டை விட்டுப் புறப்படும்போது இருக்கும் சுறுசுறுப்பு, திரும்பி வரும்போது அவற்றிற்கு இருப்பதில்லை. இவற்றுள் குடையை மழை நினைவூட்டும். பேனாவைக் கையெழுத்து நினைவூட்டும். புத்தகத்தை நினைவூட்டுவார் யாரும் இலர். அலமாரியில் பல் விழுந்தாற்போல ஓர் இடைவெளியைக் கண்ட பிறகே, அங்கிருந்த நூல் யாரிடம் போயிற்று என்று எண்ணத் தொடங்குகிறோம். அதற்குள் வாங்கிச் சென்றவர் அதைத் தம்முடையது என்றே நம்பியிருப்பார். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, நம்மிடமே அதைக் காட்டி, நாம் அவசியம் படிக்கவேண்டிய நூல் என்று பரிந்துரைப்பதும் உண்டு.

இது இன்று நேற்று வந்த நோய் அன்று. வடமொழியில் பழைய தனிப்பாடல் ஒன்று, பிறர் கைக்குப் போனால் போனதுதான் என்று சொல்லத்தக்க பொருள்களின் வரிசையில் புத்தகத்தையும் சேர்த்திருக்கிறது. தப்பித் தவறித் திரும்பினாலும் சிதைந்தே திரும்பும் என்பது அப்பாடலின் கருத்து. ஐரோப்பாவிலோ பாடலோடு நிற்கவில்லை. அச்சு தோன்றுவதற்கு முன், நூலைத் திருடியவன் கெட்டொழியவேண்டும் என்று கையெழுத்துப் பிரதியிலேயே சாபம் எழுதி வைத்தார்கள். சாபம் பலிக்காத இடங்களில் சங்கிலி போட்டார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்னும் ஊரின் பெருங்கோயிலில் அத்தகைய சங்கிலி நூலகம் இன்றும் இருக்கிறது. அங்கே சங்கிலியை முன்னட்டையின் விளிம்பில் கோத்திருப்பதால், நூல்கள் முதுகைக் காட்டி நிற்பதில்லை. தாள்களின் ஓரத்தைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. கோபித்துக்கொண்ட குழந்தைகள் போல இருக்கும் அந்தக் காட்சியைக் கண்டு நாம் சிரிக்கலாம். ஆனால் நூலுக்குச் சங்கிலி போடும் வழக்கம் தோன்றியது, ஒரு நூலைக் கையால் எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆன காலத்தில் என்பதையும் நினைக்கவேண்டும்.

இரவல் வாங்குவோரிலும் பல சாதியினர் உண்டு. பக்கத்தின் மூலையைக் காது மடக்குவோர் ஒருவகை. கையில் அகப்பட்டதை அடையாளமாக வைப்போர் இன்னொரு வகை. பேருந்துச் சீட்டு, மயிலிறகு, சமையலறையிலிருந்து வந்த கறிவேப்பிலை ஈர்க்கு என எதுவும் இவர்களுக்கு விலக்கு அன்று. மூன்றாம் வகையினர் அடிக்கோடு இடுவோர். முதல் பத்துப் பக்கங்களில் எல்லா வரிகளுக்கும் கோடு இருக்கும். பதினோராம் பக்கத்திலிருந்து தூய்மையாக இருக்கும். அவர் எதுவரை படித்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எல்லாரிலும் கொடியவர், துப்பறியும் கதையின் மூன்றாம் பக்கத்திலேயே கொலையாளியின் பெயருக்கு எதிரே நட்சத்திரக் குறி போட்டுத் திருப்பித் தருபவர்.

இவ்வளவு துன்பம் இருக்கும்போது, புத்தகத்தைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதே அறிவுடைமை என்று தோன்றலாம். இங்கேதான் மாணவ நண்பர்கள் சற்று நின்று நம் ஓலைச்சுவடிகளின் வரலாற்றைப் பார்க்கவேண்டும்.

பனையோலை நெடுநாள் வாழும் பொருள் அன்று. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதை நொறுங்கச் செய்யும், பூச்சி துளைக்கும், கறையான் அரிக்கும். எவ்வளவு போற்றினாலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் ஓர் ஏடு தாங்குவது அரிது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்றால், மூல ஏடுகள் அத்தனை காலம் இருந்தன என்பது பொருள் அன்று. ஏடு அழியுமுன் மற்றோர் ஏட்டில் அதனைப் படி எடுத்தார்கள். அந்தப் படியிலிருந்து வேறொருவர் படி எடுத்தார். படி எடுக்கவேண்டுமானால், சுவடி ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குச் செல்லவேண்டும். அல்லது எழுத்தாணியோடு வருபவரை வீட்டிற்குள் விடவேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது இரவல்தான். பல ஊர்களுக்கு இரவல் போன நூல், ஒரு வீடு தீப்பற்றினாலும் மற்றொரு வீட்டில் பிழைத்தது. ஒரே பெட்டியில் பத்திரமாக இருந்த நூலுக்கு அந்தப் பெட்டியே சமாதி ஆயிற்று.

இதற்குச் சிறந்த சான்று சீவக சிந்தாமணி. 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறார் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகளும் உலாக்களும் கோவைகளுமாக நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியாருக்கு வியப்பு உண்டாகவில்லை. இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவிச் சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். பெருங்கல்வி பெற்ற அந்த இளைஞரும் அந்நூலைப் படித்ததில்லை. படிப்பதற்குப் பிரதியும் கிடைத்ததில்லை. முதலியார் தம்மிடம் இருந்த பிரதியைக் கொடுத்தார். நூலை ஒருவர் கொடுத்தார். அதில் உள்ள சமண சமயக் கருத்துகளின் பொருளைக் கும்பகோணத்துச் சமணர்கள் விளக்கினார்கள். பிறகு பல ஊர்களில், பல வீடுகளில் இருந்த ஏடுகளைத் தேடிப்பெற்று ஒப்பிட்டு, 1887இல் ஐயர் சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். அதன்பின் பத்துப்பாட்டு 1889லும், சிலப்பதிகாரம் 1892லும், புறநானூறு 1894லும் அவர் பதிப்பாக வந்தன. அந்த முன்சீப் சற்றுக் கையிறுக்கம் உடையவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அச்சமாகவே இருக்கிறது.

ஏடு தேடிச் சென்ற இடங்களில் ஐயர் வேறு செய்திகளும் கேட்டார். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டதாகவும், நெருப்பில் இட்டுவிட்டதாகவும் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் தீயவர்கள் அல்லர். புனிதமான பொருளுக்குப் புனிதமான முடிவு செய்ததாகவே எண்ணினார்கள். அந்த ஏடுகளைப் படிக்கக் கேட்டு யாரும் நெடுங்காலம் வரவில்லை; அதுவே அவற்றின் குற்றம்.

சேர்த்து வைப்பவர் எல்லாரையும் குறை சொல்லுவதாக நினைக்கவேண்டா. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுவதும் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் விளம்பரத் தாள்களையும்கூடத் தேடித் தேடிச் சேர்த்தார். ஆராய்ச்சியாளர்கள் அவர் வீடு தேடிச் சென்றார்கள். அவர் 1992இல் மறைந்தபின், அத்தொகுப்பு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாகவே உருவாயிற்று. அவர் சேர்த்தது கதவைத் திறந்து வைப்பதற்காக.

அச்சு வந்த பின்பும் இரவலின் தொண்டு குறையவில்லை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடராக வந்தபோது, வாரந்தோறும் அப்பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைத்த குடும்பங்கள் பல. அந்தக் கனத்த தொகுதிகள் தெருத் தெருவாகச் சுற்றின. ஒரு பக்கத்தில் நாவல். அதன் மறுபுறத்தில் பாதி விளம்பரம். தாத்தா கட்டிய தொகுதியில் பேத்தி படித்த வரலாறு தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு உண்டு.

இரவலை ஒரு கலையாக, அன்று, ஒரு சாத்திரமாகவே ஆக்கியவர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். கணக்காசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனார். 1931இல் நூலகத்துறைக்கு ஐந்து விதிகள் வகுத்து நூல் எழுதினார். நூல்கள் காப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. சங்கிலியை அறுத்த விதி என்று அதனைச் சொல்லலாம். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார்கள். நெல்லும் வைக்கோலும் ஏறிய வண்டியில் இலக்கியமும் ஏறிற்று. 1948இல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியோடு சேர்த்து நூலகத்திற்கென்று ஒரு சிறு தொகையும் வாங்குவதற்கு அது வழி செய்தது. எனவே, நூலகத்திற்கு ஒருநாளும் போகாதவரும் பிறர் இரவல் வாங்குவதற்குப் பணம் கொடுத்துக்கொண்டேயிருக்கிறார்!

நூலகப் புத்தகங்களின் பின்பக்கத்தில் தேதிச் சீட்டு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது கணிப்பொறி வந்த இடங்களில் அது மறைந்து வருகிறது; பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. முத்திரைகள் நிறைந்து, சீட்டின்மேல் சீட்டு ஒட்டிய நூலைப் பற்றிக் கவலை இல்லை. கிழிந்தால் தைப்பார்கள், தொலைந்தால் வேறு வாங்குவார்கள். ஒரே ஒரு முத்திரை மட்டும் விழுந்த சீட்டைத்தான் பார்க்கவேண்டும். அலமாரியில் இடம் போதாமல் நூல்களைக் கழிக்கும் நாளில், முதலில் கண்ணில் படுவது அதுவே. அடுத்த முறை நூலகம் செல்லும்போது, உங்களுக்கு வேண்டிய நூலோடு அப்படிப்பட்ட நூல் ஒன்றையும் சேர்த்து எடுத்து வாருங்கள். முழுவதும் படிக்காவிட்டாலும் பாதகம் இல்லை. அதில் ஒரு தேதி விழுந்துவிடும்.