நடை தளர்ந்தார்க்குப் பயிற்சி

நடை என்னுஞ் சொல் காலின் செலவையும், உரையின் போக்கையும், ஒழுக்கத்தையும் குறிக்கும். இம் மூன்றும் பயிற்சியாற் சிறப்பன. எனினும், நோயினால் நடை தளர்ந்த ஒருவர்க்குப் பயிற்சி நன்மை தருமா, தீமை தருமா என்பது நெடுங்காலம் ஐயத்துக்கிடமாயிருந்தது. நாம் வைத்தியரல்லேம், ஆயினும் மாணவரும் பழைய மாணவரும் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி அதனை ஈண்டு விளக்க முற்பட்டோம்.

மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்பது மூளையையும் முண்ணாணையும் பற்றும் நோய். பாரிசு நகரச் சால்பெற்றியேர் மருத்துவமனையிற் கடமையாற்றிய சார்க்கோ என்னும் வைத்தியப் பேரறிஞர் 1868ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு நோயென வகுத்துரைத்தார். நமது நாடு போன்ற வெப்ப நாடுகளில் இஃது அரிது; குளிர் நாடுகளில் மிகுதி. மின்கம்பியை மூடிய உறைபோல நரம்பு நார்களை மயலின் என்னும் உறை மூடியுள்ளது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வுறையைத் தாக்குவதால் ஆங்காங்கே தழும்புகள் உண்டாகின்றன. மூளை விடுக்கும் கட்டளை காலைச் சென்றடையத் தாமதிக்கின்றது; சிலபோது சென்றடையாமலே போகின்றது. கால் விறைக்கும், சமநிலை தவறும், களைப்பு மேலிடும்.

உடலுழைப்பின் பின் இந்நோயாளர் சிலர்க்குக் கண்பார்வை சற்று மங்குவதை ஊத்தோவ் என்னும் செர்மனிய வைத்தியர் 1890இல் எடுத்துக்காட்டினார். உடல் சூடேறுங்கால் பழுதுற்ற நரம்பிற் செய்தி தடைப்படும். சூடு தணிந்ததும் பழைய நிலை மீளும். அஃது நோயின் வளர்ச்சியன்று. ஆயினும் உழைப்பு நோயை வளர்க்குமென அஞ்சி, வைத்தியர் பல்லாண்டுகளாக ஓய்வையே விதித்தனர். அதனால், நோய் கெடுத்த காலை ஓய்வும் கெடுத்தது.

1996இல் அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நோயாளர் ஒரு சாரார் வாரத்துக்கு மும்முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடமாக, 15 வாரங்கள் கையாலும் காலாலும் சுழற்றும் பொறியிற் பயின்றனர். அவர்தம் உடல்வலு பெருகிற்று. நோயின் கடுமை ஏறவில்லை. பின்னர், 600 நோயாளர் பங்குபற்றிய 22 ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய ஆராய்ச்சியொன்று 2009இல் வெளிவந்தது. பயிற்சியினால் நடையில் விளையும் நன்மை சிறிதே, ஆனால் உண்மையானதே என்பது அதன் முடிபு. மேற்பார்வையின்கீழ்ப் பயின்றோரிடத்து அந்நன்மை கூடுதலாகக் காணப்பட்டது.

கடும் ஊனமுறாதார்க்கு 2013இல் வகுக்கப்பட்ட நெறி இது: வாரத்தில் இருமுறை, 30 நிமிடம் மிதமாக மூச்சு வாங்கும் பயிற்சி, இருமுறை தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. வெயில் தணிந்த வேளையில், காற்றோட்டமான இடத்தில், இடையிடையே இளைப்பாறிப் பயிலல் வேண்டும். எதனையும் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் முறை.

பயிற்சி இந்நோயைத் தீர்க்காது. அவ்வாறு கூறுவோரை நம்பற்க. ஆயினும், கட்டிலிலிருந்து வாயில் வரை துணையின்றி நடத்தல் ஒருவர்க்கு எத்துணைப் பெரும்பேறென்பது அதனை இழந்தார்க்கே தெரியும். ஆதலின், நடை தளர்ந்த நண்பரைக் காணுமிடத்து, "பேசாமற் படுத்திரும்" என்று கூறாது, அவரோடு நான்கு அடி நடப்போமாக.